பல்கலைக்கழக மேடையும் சொல்லின் கடனும்

நமது பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் இலக்கிய விழாக்கள் நடைபெறுகின்றன. கவியரங்கு, சிறுகதைப் போட்டி, நாடக இரவு, நூல் வெளியீடு, ஆக்க இலக்கியப் பயிலரங்கு என அவை பலவகைப்படும். மங்கல விளக்கு ஏற்றப்படுகின்றது. தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை என்னும் ஒழுங்கில் உரைகள் நிகழ்கின்றன. பொன்னாடை போர்த்தப்படுகின்றது. நன்றியுரையுடன் மண்டபம் வெறுமையாகின்றது. இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விழா சிறப்பாக நடந்தேறியதா என்பதையே கேட்கின்றனர். நாம் இங்கு கேட்க விரும்புவன வேறிரண்டு கேள்விகள். அவ்விழா நடைபெறுவது யாருக்காக? அம்மேடையிற் சொல்லப்பட்ட சொல், மேடையை விட்டு இறங்கிய பின்னரும் சொன்னவரைக் கட்டுப்படுத்துமா? முதலாவது சமூகம் பற்றிய கேள்வி. இரண்டாவது ஒழுக்கம் பற்றிய கேள்வி. ஒன்றுக்கு விடை காணாமல் மற்றையதற்கு விடை காணவியலாது என்பது நமது கருத்து.

இக்கேள்விகளை எழுப்பியவுடன் இரு திசைகளிலிருந்து மறுப்பு வரும். மாணவர் இளைஞர், பாடச் சுமையிலிருந்து சிறிது ஆறுதல் பெற ஆடிப் பாடுகின்றனர், அதன்மேல் அறநூற் பாரத்தை ஏற்றுவானேன் என்பர் ஒரு சாரார். பல்கலைக்கழகத்தின் தொழில் ஆராய்ச்சி. கவிதையும் கதையும் தனிமனிதரின் பிறவியாற்றலாற் கைவருவன. அவற்றுக்குப் பயிலரங்கும் விழாவும் எதற்கு என்பர் மற்றொரு சாரார். முன்னவர் இலக்கியத்தை விளையாட்டாக்குகின்றனர். பின்னவர் அதனைத் தெய்வ வரமாக்குகின்றனர். விளையாட்டிடமோ வரத்திடமோ எவரும் கணக்குக் கேட்பதில்லை. இலக்கியத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

மகிழ்ச்சிக்கு நாம் பகைவரல்லர். அறுவடை முடிந்தபின் விடியவிடியக் கூத்தாடிய உழவனும் மகிழ்ச்சிக்காகவே ஆடினான். ஆனால் அவன் தன் ஊரின் நடுவே, தன் ஊரார் முன்னிலையில் ஆடினான். தாளம் பிழைத்தால் மறுநாள் வயல் வரம்பிலே அதைச் சொல்லிக் காட்ட ஆட்கள் இருந்தனர். அரசனாக வேடம் புனைந்தவன் அயலவனின் வேலியை நகர்த்தியிருந்தால் அதையும் கேட்க ஆட்கள் இருந்தனர். பல்கலைக்கழக மேடையில் ஏறுபவரை அவ்வாறு கேட்பவர் யார் என்பதே பிரச்சினை.

நமது நாட்டின் முதற் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் நிறுவப்பெற்று, 1952 முதற் பேராதனையிலே நிலைகொள்ளத் தொடங்கிற்று. இடையில், 1945இல், கன்னங்கரா கல்வியமைச்சராக விளங்கிய காலத்தில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 'இலவசம்' என்னும் சொல் நம்மை ஏமாற்றிவிடக்கூடாது. கற்பவர் பணம் கொடுக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். எவருமே கொடுக்கவில்லை என்பதன்று. அக்காலத்தில் இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கு தேயிலையினால் வந்தது. அத்தேயிலையைக் கொய்தவர்கள் மலையகத் தமிழ்ப் பெண்கள். பேராதனை வளாகத்திலிருந்து தலை நிமிர்த்தினால் ஹந்தானை மலைத்தொடர் தெரியும். தேயிலைத் தோட்டங்கள் அவ்வயலிலேயே உள்ளன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அத்தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்களின் பிள்ளைகள் கற்ற தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களிலேதான். பள்ளத்தாக்கிலே நூலகமும் விடுதிகளும் எழுந்த காலத்தில், அவற்றுக்கான செல்வத்தை ஈட்டித் தந்த கைகள் தம் பெயரை எழுதவும் பழகாதிருந்தன.

ஆகவே பல்கலைக்கழக மாணவரின் கையிலுள்ள பேனா கடன்பட்ட பேனா. மருத்துவம் கற்றவர் நோயாளியின் அருகிற் சென்று அக்கடனைத் தீர்க்கலாம். பொறியியல் கற்றவர் பாலமும் அணையும் அமைத்துத் தீர்க்கலாம். இலக்கியம் படைப்பவரிடம் உள்ளது சொல் ஒன்றே. அச்சொல் யாருடைய உழைப்பால் உருவாயிற்றோ அவர்களுடைய வாழ்வை உண்மையாகப் பேசுவதும், அவர்களுடைய காதில் விழும்படி பேசுவதும், அவர்கள் திருப்பிப் பேச இடமளிப்பதுமே அவர் திருப்பிக் கொடுக்கக்கூடியன.

இக்கடனை உணர்ந்த முயற்சிகள் நமது வரலாற்றில் இல்லாமலில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை சாசனத் தமிழை ஆராய்ந்த மொழியறிஞர். அவரே யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதி மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 'நானாடகம்' 1940இலும் 'இரு நாடகம்' 1952இலும் நூலுருப் பெற்றன. உயர்கல்வி ஆங்கிலத்திலே நடைபெற்ற காலம் அது. தமிழை விரும்பியவர்களும் செந்தமிழையே மேடைக்குரியதெனக் கொண்டிருந்தனர். அத்தகைய சூழலில் அடுக்களையிலும் முற்றத்திலும் பேசப்பட்ட மொழி பேராசிரியர் ஒருவரின் கைப்பிடித்து மேடையேறியமை சிறு செயலன்று. தாயின் மொழியை வீட்டு வாசலிலே விட்டுவிட்டு வரவேண்டும் என்று எண்ணியிருந்த மாணவனுக்கு, அதுவும் கலையாகலாம் என்பதை அது உணர்த்தியிருக்கும்.

இதற்கடுத்த கட்டம் இன்னும் விரிவானது. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்களக் கிராமிய நாடக மரபினின்று 'மனமே'யைப் படைத்தார். தமிழர் மத்தியிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஈழத்துக் கூத்துகளை நாடினார். 1962இல் 'கர்ணன் போர்' பேராதனை மாணவரால் ஆடப்பெற்றது. 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியன தொடர்ந்து வந்தன. 'கர்ணன் போ'ருக்கு மாணவரைப் பழக்கியவர் மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். அங்கே மாணவர் முன் நின்றவர் பட்டம் பெற்ற விரிவுரையாளர் அல்லர். மத்தளமும் தாளமும் கைவந்த கிராமத்துக் கலைஞர். ஆசானும் மாணாக்கனும் யாவர் என்பது பற்றிய வழமையான எண்ணம் அப்பயிற்சிக் களரியிலே தலைகீழாயிற்று. பிற்காலத்தில், 1981இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி மட்டக்களப்பில் தொடங்கப்பெற்று, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் பிரதான வளாகம் அமைந்திருப்பது அதே வந்தாறுமூலையில். பல்கலைக்கழகம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூர் பல்கலைக்கழகத்துக்குக் கற்பித்துவிட்டது.

நிற்க. இம்முயற்சியைப் புகழ்வதோடு நாம் அமைந்துவிடலாகாது. விடியவிடிய ஆடப்பட்ட கூத்து மண்டபத்துக்கேற்பச் சுருக்கப்பட்டது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி, ஒரு புறம் மட்டும் திறந்த மேடையாயிற்று. அழிந்துபோகவிருந்த கலைக்கு இதனால் மதிப்பும் புதிய இரசிகரும் கிடைத்தனர் என்பது உண்மை. கிராமத்தின் செல்வம் நகரத்தாரின் சுவைக்கேற்பச் செப்பனிடப்பட்டது என்பதும் உண்மை. கிராமத்திடமிருந்து எடுத்துக்கொண்டதற்குப் பதிலாகக் கிராமத்துக்குக் கொடுக்கப்பட்டது என்ன என்று கேட்பதே நியாயமான அளவுகோல். அதற்கு ஒரு விடையை அம்மாணவருள் ஒருவரே அளித்தார். பேராதனையிற் கூத்தாடிய சி. மௌனகுரு, 1960களின் இறுதியிற் 'சங்காரம்' என்னும் நாடகத்தில் அதே கூத்து வடிவைக் கொண்டு சாதியையும் சுரண்டலையும் எதிர்த்துப் பேசினார். மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகத் தாழ்த்தப்பட்ட மக்கள் 1968இற் போராடிய காலம் அது. மக்களிடமிருந்து வந்த வடிவம், மக்களின் போராட்டத்துக்கு உரிய பொருளோடு மக்களிடம் திரும்பியது. கடன் தீர்க்கப்படுவது இவ்வாறுதான்.

எழுத்திலும் இத்தகைய ஒரு காலம் இருந்தது. பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' ஆண்டிதழும், 1960களில் மாணவரின் கதைகளைத் தாங்கி வந்த 'கதைப்பூங்கா', 'விண்ணும் மண்ணும்', 'காலத்தின் குரல்கள்' முதலிய தொகுதிகளும் அதற்குச் சான்று. 1960 அளவிற் கலைத்துறையில் தாய்மொழிப் போதனை தொடங்கியதும், அதுவரை பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்க்காத குடும்பங்களிலிருந்து மாணவர் வந்தனர். தம்மோடு தமது ஊரையும் கொண்டு வந்தனர். அதே காலத்திலேதான் வெளியில் மரபுப் போராட்டம் நிகழ்ந்தது. உழைக்கும் மக்களின் பேச்சு இலக்கியத்தில் இடம்பெறுவதை 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர் சிலர் இகழ்ந்தனர். முற்போக்கு எழுத்தாளர் அவ்விகழ்ச்சியை ஏற்க மறுத்தனர். மேலோட்டமாக அது இலக்கணச் சண்டை. உண்மையில், யாருடைய வாய்க்குத் தமிழிற் குடியுரிமை உண்டு என்பது பற்றிய வழக்கு அது.

அவ்வழக்கில் மிகச் சிறந்த வாதம் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்திலே முடிதிருத்தும் நிலையம் நடத்தியவர். அந்நிலையத்திலிருந்தே 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். பேராசிரியர்களும் மாணவரும் அங்கு வந்து அமர்ந்து இலக்கியம் பேசினர். அவர்களுள் எவரும் அவரிடம் பட்டச் சான்றிதழ் கேட்கவில்லை. 2021இல் அவர் மறைந்தபோது ஈழத்து இலக்கிய உலகம் முழுவதும் அவருக்குக் கடன்பட்டிருந்தது. வாயிற்கதவு எப்போதும் திறந்திருந்த அச்சிறு கடையையும், அழைப்பிதழின்றி எவரும் நுழைய முடியாத அலங்கார மண்டபத்தையும் அருகருகே வைத்து, இலக்கியத்தின் பல்கலைக்கழகம் எது என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டியுள்ளது. தொழிலாளியையோ விவசாயியையோ மேடைக்கு அழைத்து மாலை சூட்டிவிட்டாற் கடன் தீர்ந்தது என எண்ணுவோரும் உளர். ஒரு தேயிலைத் தொழிலாளி கவிதை வாசிக்கின்றார். சபை நீண்ட நேரம் கைதட்டுகின்றது. அக்கவிதையின் சொல்லையோ கருத்தையோ பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அடுத்துக் கவிதை வாசிக்கும் விரிவுரையாளரின் கற்பனையைப் பற்றியோ அரைமணி நேரம் விவாதம் நடக்கின்றது. இது மரியாதையன்று. முன்னவரின் துன்பத்தை மட்டும் கேட்டுவிட்டு, அவருடைய அறிவைக் கேளாமல் அனுப்பிவிடும் செயல் அது. சமத்துவம் கைதட்டலினால் அளக்கப்படுவதில்லை. 'இவ்வரி பொருந்தவில்லை, ஏன் இப்படி எழுதினீர்கள்?' என்று அவரிடம் கேட்பதும், அவர் விரிவுரையாளரிடம் அதே கேள்வியைக் கேட்கும்போது சபை முகம் சுளிக்காதிருப்பதுமே சமத்துவம்.

இவ்வாறு கேட்கும் உரிமை மாணவருக்குத் தானும் உண்டா? ஆக்க இலக்கியப் பயிலரங்குகளில் இதனை நன்கு காணலாம். மாணவரின் கதையை வாசித்துக் குறை கூறுபவரும், பரீட்சையில் அம்மாணவருக்குப் புள்ளி இடுபவரும், பின்னாளில் உதவி விரிவுரையாளர் பதவிக்கு அவரைச் சிபாரிசு செய்பவரும் ஒருவராகவே இருக்கலாம். அவர் புதிதாக ஒரு நூல் வெளியிடுகின்றார் எனக் கொள்வோம். வெளியீட்டு விழாவில் மாணவர் பேச அழைக்கப்படுகின்றார். முதற் பிரதியைப் பெற்றுக்கொள்ள வர்த்தகப் பிரமுகர் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அந்நூல் பலவீனமானது என்பதை மாணவர் அறிவார். அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் புகழ்வார். அவரை நாம் கோழை என்று கூறமாட்டோம். அவருடைய வீட்டிலே அவர் அனுப்பப்போகும் முதற் சம்பளத்தை எதிர்பார்த்திருப்பவர் உளர். ஆனால் அவ்வாறு புகழும் நிலைக்கு அவரை உள்ளாக்கிய ஒழுங்கு கண்டிக்கத்தக்கது. பொய்யை இளமையிலே மேடையிற் பழகியவருக்குப் பின்னர் மெய் நாவில் வருவதில்லை. ஆகவே, தமக்குக் கீழ் உள்ளவர் அச்சமின்றித் தம்மை மறுக்க வழி செய்தல் ஆசிரியரின் முதற் கடமை. வேண்டுமாயின் பயிலரங்கை நடத்துபவர் வேறொருவராகவும், புள்ளி இடுபவர் வேறொருவராகவும் இருக்கட்டும். மாணவரின் விமரிசனத்தைச் சங்க இதழ் தணிக்கையின்றி அச்சிடட்டும்.

சொல்லுக்கு இதனினும் பெரிய விலை கொடுக்க நேர்ந்த காலங்களையும் நமது நாடு கண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1985இற் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர் ஊரூராகக் கொண்டு சென்றனர். இராணுவ நெருக்கடிக்குள் வாழ்ந்த மக்கள் தமது துயரத்தைத் தாமே கண்டனர். மண்டபத்திலிருந்து கிராமத்துக்குச் சென்ற அப்பயணம் நமது நாடக வரலாற்றிற் பெருமைக்குரியது. ஆனால் மக்களின் பெயரால் ஆயுதம் ஏந்தியோர் அதே மக்களின் வாயை அடைத்த காலமும் விரைந்து வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவரும், 'முறிந்த பனை'யை எழுதியோருள் ஒருவருமான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21இற் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்ற கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார். அவர் மீண்டு வரவேயில்லை.

இவ்விருவர் பெயரையும் நாம் இங்கு குறிப்பிடுவது அஞ்சலிக்காக மட்டுமன்று. அரசின் அடக்குமுறையை எதிர்த்துக் கவிதை வாசிக்கும்போது கைதட்டிய மண்டபம், தன் பக்கத்தாரின் அடக்குமுறையைப் பற்றி ஒருவர் பேசியபோது என்ன செய்தது? பகைவன் செய்யும் அநீதியைப் பாடுவதற்குத் துணிவு வேண்டும். தன்னவர் செய்யும் அநீதியைப் பாடுவதற்குத் துணிவோடு தனிமையும் வேண்டும். அத்தனிமையில் நிற்பவருக்கு அரணாக இருத்தலே பல்கலைக்கழகம் என்னும் அமைப்பின் சிறப்பியல்பு. தனக்கு உவப்பான சொல்லைச் சந்தையும் கட்சியும்கூடக் காக்கும். உவப்பில்லாத சொல்லைக் காப்பதற்காகவே மதிலும் வாயிலும் கொண்ட வளாகம் ஒன்று வேண்டப்படுகின்றது.

இறுதியாக, மிக அண்மையிலுள்ள ஒன்றைப் பேசாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது. அது பகிடிவதை. 1997இற் பேராதனையில் முதலாம் ஆண்டுப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் கொடுமையால் உயிரிழந்தார். 1998இற் பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்த பின்னரும் அவ்வழக்கம் அற்றுப்போகவில்லை. ஒரு முதுநிலை மாணவர் மாலையிற் கவியரங்கிலே ஏறி, ஒடுக்கப்பட்டோரின் விலங்கு உடையும் என்று முழங்குகின்றார். அதே இரவு விடுதியில், கிராமத்திலிருந்து நேற்று வந்த ஒரு பிள்ளையை முழந்தாளில் நிறுத்தி அவமதிக்கின்றார். 'எல்லோரும் சமம் என்பதைக் கற்பிக்கவே இதைச் செய்கின்றோம்' என்று அதற்குத் தத்துவமும் கூறுகின்றார். முற்போக்குச் சொற்கள் எவ்வளவு எளிதாக ஆதிக்கத்தின் உடையாகிவிடுகின்றன என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

அக்கவிதை பொய்யா? கவிதையின் கருத்துப் பொய்யன்று. விலங்கு உடையத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொன்னவருக்கும் சொல்லுக்குமிடையில் எவ்வகை உறவும் இல்லை. 'கவிதையைப் பார், கவிஞனைப் பார்க்காதே' என்று திறனாய்வாளர் கூறலாம். நூலைக் கையில் எடுத்துத் தனித்திருந்து வாசிக்கும் வாசகருக்கு அது ஒருவாறு பொருந்தும். ஒரே விடுதியில் உறங்கி, ஒரே உணவுச்சாலையில் உண்டு, ஒரே மண்டபத்திற் கூடும் சிறு சமுதாயத்துக்கு அது பொருந்தாது. முழந்தாளில் நின்ற அப்பிள்ளையும் மறுநாள் அவ்விழாவில் ஒரு மூலையில் அமர்ந்திருக்கும். 'விலங்கு' என்னும் சொல்லைக் கேட்கும்போது அது எதை நினைத்துக்கொள்ளும்? இலக்கியத்தின்மேல் அதற்கு நம்பிக்கை பிறக்குமா? அழகிய சொற்கள் வலியவரின் பொழுதுபோக்கு என்னும் முடிவுக்கன்றோ அது வரும்? அம்முடிவுக்கு வந்த ஓர் உள்ளத்தை ஆயிரம் கவியரங்குகளாலும் மீட்க முடியாது.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய இரு கேள்விகளும் இங்கு வந்து சேர்கின்றன. விழா யாருக்காக என்றால், மேடைக்குக் கீழே ஒதுங்கியிருப்பவருக்காக. வளாகத்தின் மதிலுக்கப்பால் உழைத்து அதனைத் தாங்குபவருக்காக. சொல் சொன்னவரைக் கட்டுப்படுத்துமா என்றால், அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர் என்ற உணர்வு உள்ளவரைக் கட்டுப்படுத்தும்; அவ்வுணர்வு இல்லாதவரை எச்சட்டமும் கட்டுப்படுத்தாது.

விழாக்களை நிறுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. இன்னும் பல விழாக்கள் நடைபெறட்டும். ஆனால் விழா அமைப்பாளர் அழைப்பிதழ் அச்சிடும் முன் தம்மிடம் சில வினாக்களைக் கேட்டுக்கொள்வாராக. வளாகத்தைத் துப்புரவு செய்யும் தொழிலாளி வந்தமர இங்கு நாற்காலி உண்டா? பரிசுபெற்ற கதையைக் குறைகூற ஒருவர் எழுந்தால் அவருக்கு நேரம் உண்டா? சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒருவர் எழுத்தை ஒருவர் மொழிபெயர்ப்பிலேனும் கேட்க வழி உண்டா? முதலாம் ஆண்டு மாணவர் தமக்கு நேற்றிரவு நடந்ததை இம்மேடையிற் கதையாக வாசிக்கத் துணிவாரா? அவ்வாறு வாசித்தால் அவருக்கருகில் யார் நிற்பர்?

இவ்வினாக்களுக்கு 'ஆம்' என்று விடை கூறக்கூடிய விழா, ஒரு மரத்தடியில் ஒலிபெருக்கியின்றி நடந்தாலும் அது இலக்கிய விழாவே. ஏனையவற்றில் விளக்கும் மாலையும் குறைவின்றி இருக்கும். கடன் மட்டும் வட்டியோடு வளர்ந்துகொண்டேயிருக்கும்.